அடுத்தவர் மவுஸ்

மேசையில் எதையும் தொடுவதற்கு முன் படம் பிடிக்கிறார். கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஒரு நாய்க்குட்டியும் அதைத் தூக்கி வந்தவரும் காத்திருக்கிறார்கள். உள்ளே டாக்டரம்மா மணியை அடித்துவிட்டார். பதிலக்கா எதற்கும் அசையவில்லை. போனை மேசைக்கு மேலே நேராகப் பிடித்து ஒரு படம், பக்கவாட்டில் குனிந்து ஒரு படம். மவுஸ் எந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கிறது, கீபோர்டின் கால்கள் மடங்கியிருக்கின்றனவா நிமிர்ந்திருக்கின்றனவா, நாற்காலி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது, எல்லாம் அதில் விழ வேண்டும். பிறகு உட்கார்ந்து, வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து, ‘நான் வந்திருக்கேன்’ என்று அடித்தார். எழுத்துகள் எப்படி விழுகின்றன என்று பார்த்துவிட்டு அழித்தார். அதற்குப் பிறகுதான் நாய்க்குட்டியின் பெயரைக் கேட்டார்.

எங்கள் விலங்கு மருத்துவமனைக்கு அவர் வந்த முதல் நாள் காலை அது. முன்மேசையில் உட்காரும் பெண் பிரசவ விடுப்பில் போயிருந்தாள். அந்த இடத்துக்கு இவர். அவருடைய தொழிலே அதுதான். ஊரில் யாருக்காவது பிரசவம், யாருக்காவது அறுவை சிகிச்சை, யாராவது நீண்ட பயணம் என்றால் அந்தக் காலி நாற்காலியில் போய் உட்கார்வார். உரியவர் திரும்பியதும் எழுந்துவிடுவார். எங்கே போனாலும் யாருக்காவது பதிலாகவே போவதால் பதிலக்கா. பெயர் வைத்தது யாரோ தெரியாது, எங்களிடம் வரும்போதே அந்தப் பெயரோடுதான் வந்தார். நான் பக்கத்து மருந்துக் கவுண்டரில் இருப்பவள். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்காவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்டவள் பக்கத்தில் இப்படி ஒருவரைக் கொண்டுவந்து உட்காரவைத்தால் என்ன ஆகும்?

முதல் நாளே அவர்தான் என்னிடம் மூக்கை நுழைத்தார். விடுப்பில் போன பெண் குள்ளமா என்று கேட்டார். ஆமாம், எப்படித் தெரியும் என்றேன். நாற்காலியும் திரையும் தாழ்ந்திருப்பதைக் காட்டினார். அப்புறம் கீபோர்டைக் கொஞ்சம் வெளிச்சத்துக்குத் திருப்பினார். நீளப் பொத்தானின் இடப்பக்கம் மட்டும் பளபளத்தது. அழிக்கும் பொத்தானின் மேல் இருந்த எழுத்தே தேய்ந்து போயிருந்தது. “இடது கட்டைவிரலால தட்டுற பொண்ணு. கொஞ்சம் அவசரக்காரி. வேகமா அடிப்பா, அதே வேகத்துல அழிப்பா” என்றார். அவளோடு இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்த எனக்கு அவள் எந்தக் கட்டைவிரலால் தட்டுவாள் என்று தெரியாது. அவசரக்காரி என்பது மட்டும் தெரியும்.

எங்கள் மருத்துவமனையில் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள் மாதிரி. முன்மேசையில் சாதாரண மவுஸ். எக்ஸ்ரே அறையில் மவுஸ் என்ற பெயரில் ஒரு பெட்டி, அதன் தலையில் ஓர் உருண்டை. பெட்டி நகராது, உருண்டையைத்தான் கட்டைவிரலால் உருட்ட வேண்டும். போதாததற்கு அந்த அறைக் கீபோர்டில் இரண்டு குறிகள் இடம் மாறியிருக்கும், மின்னஞ்சல் முகவரியின் நடுவே மேற்கோள் குறி வந்து குந்திக்கொள்ளும். டாக்டரம்மாவின் மடிக்கணினியில் மவுஸே கிடையாது, டச்பேட்தான். அதில் இரண்டு விரலைக் கீழே இழுத்தால் பக்கமும் கூடவே கீழே வரும். முன்மேசையில் சக்கரத்தைக் கீழே உருட்டினால் பக்கம் மேலே போகும். நான் எப்போது டாக்டரம்மாவின் கணினியைத் தொட்டாலும் நோயாளிக் குறிப்பின் அடியைத் தேடி முடியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பதிலக்கா அதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார். “அங்க நாம பேப்பரை நகத்துறோம். இங்க நாமளே நகர்றோம். அவ்வளவுதான் மா வித்தியாசம்.” அதற்குப் பிறகு எனக்கு ஒருநாளும் குழம்பவில்லை.

இதையெல்லாம் மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. அமைப்புகளைத் திறந்து ஒரு கட்டத்தில் சொடுக்கினால் சக்கரம் எதிர்ப்பக்கம் உருளும், அம்பு வேகமாக ஓடும். டாக்டரம்மாவே சொல்லிவிட்டார், உங்களுக்கு எது வசதியோ அப்படி வைத்துக்கொள்ளுங்கள் என்று. பதிலக்கா கேட்கவில்லை. “வாடகை வீட்ல ஆணி அடிக்கலாமா டாக்டர்?” என்றார். டாக்டரம்மா சிரித்துவிட்டுப் பூனைக்கு ஊசி போடப் போனார். பதிலக்கா சிரிக்கவில்லை. அவர் அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது எனக்குப் போகப் போகத்தான் புரிந்தது.

தமிழில் அடிப்பது தனிக்கூத்து. அவர் கற்றது தட்டச்சுப் பொறியின் எழுத்து வரிசை. எங்கள் முன்மேசைப் பெண் ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழ் வரவழைப்பவள். வளர்ப்பவர்களுக்குக் கொடுக்கும் மருந்துக் குறிப்பில் முதல் நாள் ‘நாய்’ என்று அடிக்கப் போய், விரல் பழைய வரிசைக்கே ஓடியதால் வேற்று மொழியில் யாரையோ திட்டுவது போல ஒன்று வந்து நின்றது. அதையும் மாற்றவில்லை. விரல்களை உதறிவிட்டு, எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தை மாதிரி ஒவ்வொன்றாகத் தட்டினார். வாரம் திரும்புவதற்குள் சரளமாகிவிட்டது.

ஆனால் வாரத்தில் பாதி நாள்தான் எங்களிடம். மீதி நாள் ஒரு வக்கீல் அலுவலகத்தில், அங்கேயும் யாருக்கோ பதில். அங்கே இருப்பது வேறு சாதிக் கணினி, நம் கீபோர்டில் சுண்டுவிரல் பார்க்கும் வேலையை அங்கே கட்டைவிரல் பார்க்கிறதாம். அங்கிருந்து எங்களிடம் வரும் காலைகளில் அரைமணி நேரத்துக்கு அவரோடு யாரும் பேசக்கூடாது. “கை இன்னும் வரல மா. ஆள் மட்டும்தான் வந்திருக்கேன்” என்பார். ஒருமுறை கை வருவதற்குள் ஒரு கிளி வந்துவிட்டது. கிளியின் முழு வரலாற்றையும் கேட்டு எழுதிக்கொண்டே வந்தவரின் கட்டைவிரல் வக்கீல் அலுவலக ஞாபகத்தில் எதையோ அழுத்த, எழுதியதெல்லாம் மூடிக்கொண்டு போய்விட்டது. மன்னிப்புக் கேட்டு மறுபடி முதலிலிருந்து கேட்டார். கிளிக்காரர் கோபித்துக்கொள்ளவே இல்லை. இரண்டாவது தடவை கிளியின் தாய்மாமன் கதை வரை போய்விட்டு வந்தார்.

எனக்குப் புரியாமல் இருந்தது ஒன்றுதான். மதியச் சாப்பாடு முடிந்து வந்ததும் பதிலக்கா மவுஸைத் தூக்கிக் கீபோர்டின் இடப்பக்கம் வைத்துக்கொள்வார். மாலை வரை இடக்கையால்தான் வேலை. நிச்சயமாக இடக்கைக்காரர் இல்லை. எழுதுவது, மாத்திரை எண்ணுவது, சாப்பிடுவது எல்லாம் வலக்கை. இடக்கையில் மவுஸ் இருக்கும்போது அம்பு திரையில் வழி தெரியாமல் தடுமாறும், நாக்கு உதட்டோரம் எட்டிப் பார்க்கும், ஒரு சின்ன ரசீதுக்குக் கழுத்து வேர்க்கும். வீட்டுக்குக் கிளம்பும் முன் போனில் இருக்கும் படத்தைப் பார்த்து மவுஸைப் பழையபடி வலப்பக்கம் அதே சாய்வில் வைத்துவிடுவார். மணிக்கட்டு வலியா என்று கேட்டேன், இல்லை என்றார். வேண்டுதலா என்று கேட்டேன், முறைத்தார். பிறகு, “சும்மா பழகுறேன் மா” என்றார். சும்மா பழகுகிறவருக்குக் கழுத்து வேர்க்குமா?

மழை அடித்து யாருமே வராத ஒரு மதியத்தில் அவராகவே சொன்னார்.

அவருடைய வீட்டுக்காரர் ஒரு மரப் பட்டறைக்காகச் சமையலறை அலமாரிகளை வரைபவர். எல்லாம் கம்ப்யூட்டரில், வீட்டிலிருந்தே. எந்த வீட்டுக்கு வரைவதாக இருந்தாலும் முதலில் அங்கே போய் நின்று, இங்கே சமைப்பது யார், எந்தக் கையால் கரண்டி பிடிப்பீர்கள், எந்தப் பக்கம் திரும்பி நிற்பீர்கள் என்றெல்லாம் கேட்ட பிறகுதான் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று முடிவுசெய்வாராம். போன வருடம் பக்கவாதம் வந்து வலக்கை போய்விட்டது. கால் தப்பியது, பேச்சு தப்பியது. இடக்கையால் எல்லாம் பழகிக்கொள்ளலாம் என்று மருத்துவர் சொன்னார். வீட்டுக்காரர் மருத்துவமனையில் இருந்தபோதே பதிலக்கா வீட்டுக் கம்ப்யூட்டரைத் தயார் செய்துவிட்டார். மவுஸை இடப்பக்கம் மாற்றி, பொத்தான்களை இடம் வலமாக்கி, அம்பின் வேகத்தைக் குறைத்து, எழுத்துகளைப் பெரிதாக்கி, கீபோர்டில் பெரிய எழுத்து ஸ்டிக்கர்களை ஒட்டி வைத்தார். வீட்டுக்கு வந்த மனிதர் நாற்காலியில் உட்கார்ந்து, இடக்கையை மவுஸின் மேல் வைத்து, கொஞ்ச நேரம் திரையைப் பார்த்திருக்கிறார். “இது என் கம்ப்யூட்டர் இல்ல” என்று சொல்லிவிட்டு எழுந்தவர்தான். பிறகு அந்த நாற்காலிப் பக்கமே போகவில்லை.

பட்டறை முதலாளி நல்லவர், வேறு ஆள் வைக்காமல் காத்திருக்கிறார். வெளியூரில் இருக்கும் மகள் போன் செய்யும்போதெல்லாம் நலம் விசாரிப்பதற்கு முன் கேட்பது, “அப்பா உக்காந்தாரா?” என்றுதான். வீட்டுக்காரர் இடக்கை வராது என்று பயப்படுகிறார் போல என்று நினைத்துத் தானும் இடக்கையால் பழகத் தொடங்கினாராம் பதிலக்கா. தன்னால் முடிந்தால் அவராலும் முடியும் என்று காட்டத்தான். மாலையில் வீட்டுக்குப் போய் அவர் பார்க்கும்படி இடக்கையால் மின்கட்டணம் கட்டுவார். வீட்டுக்காரர் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார். “அடுத்தவங்க மேசையில யார் உக்காந்துட்டுப் போனாங்கன்னு மவுஸைப் பாத்தாலே சொல்லிருவேன். வீட்ல தினமும் பாக்குறேன். நான் வெச்ச இடத்துலயே கிடக்கு மா.” மழை விட்டதும் ஓர் ஆட்டுக்குட்டி வந்தது. அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு அதன் வயதைக் கேட்டார்.

சில வாரம் கழித்து முன்மேசைப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்களைப் பார்க்க வந்தாள். குழந்தையை என் கையில் திணித்துவிட்டு, அவசரக்காரி அல்லவா, நேரே போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். மவுஸைப் பிடித்தாள், சக்கரத்தை உருட்டினாள், ஏதோ அடித்தாள், அழித்தாள். அவள் முகம் மாறியது. “நேத்துதான் எழுந்து போன மாதிரி இருக்கு அக்கா. என் இடம் போயிருக்கும்னு நினைச்சுட்டேதான் வந்தேன்” என்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளை பெற்ற உடம்பு, சட்டென்று கலங்கும் என்று நான் சமாதானம் சொன்னேன். பதிலக்கா அவள் கை மவுஸில் பொருந்தியிருப்பதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று மதியம் மவுஸ் இடப்பக்கம் போகவில்லை. டீ ஆறிப்போய் ஆடை கட்டியது. பேச்சு வரட்டும் என்று நானும் மாத்திரைப் பட்டைகளை அடுக்குவது போல உட்கார்ந்திருந்தேன்.

“முகம் தெரியாத பொண்ணுக்கு வந்த அன்னைக்கே படம் புடிச்சு வெச்சேன்” என்றார் கடைசியில். “அவர் மேசையை ஒரு படம் புடிக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல மா. நம்ம வீடுதானேன்னு இருந்துட்டேன். ஒரு வார்த்தை கேக்கவும் இல்ல.”

அடுக்கிய மாத்திரைப் பட்டைகளை நான் கலைத்து மறுபடி அடுக்கினேன்.

எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிடலாம் என்றுதான் அன்று வீட்டுக்குப் போயிருக்கிறார். போய் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, பழையபடி என்றால் எப்படி என்று அவருக்குத் தெரியாது. ஊரில் உள்ள அத்தனை பேர் மேசையும் போனில் இருக்கிறது, கட்டிய மனிதனின் மேசை இல்லை. வேறு வழியில்லாமல் பால்கனியைப் பார்த்துக் கேட்டிருக்கிறார், உங்கள் அம்பு எவ்வளவு வேகமாக ஓடும் என்று. மறுபடி கேட்டிருக்கிறார். அதற்குத்தான், “பாதிக்கு மேல ஒரு கோடு” என்று குரல் வந்தது. சக்கரத்தை முன்னால் உருட்டினால் படம் பெரிதாக வேண்டுமா சிறிதாக வேண்டுமா என்று கேட்டார். பெரிதாக வேண்டும். திரை வெளிச்சம்? மங்கலாக. அவர் பால்கனிக் கதவருகே வந்து நின்று, இன்னும் கொஞ்சம், அதிகம், ம், போதும் என்று சொல்லச் சொல்ல இவர் மாற்றினார். ஸ்டிக்கர்களை நகத்தால் பிய்த்து, பசையை எண்ணெய் தொட்டுத் துடைத்தார். கடைசியாக மவுஸைத் தூக்கி, எந்தக் கை போய்விட்டதோ அந்தப் பக்கமே வைத்தார். வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு காலையில் அவர் உள்ளே நுழைந்ததும் என் முதல் கேள்வி, “நகந்துச்சா அக்கா?” என்பதுதான். தலையை ஆட்டுவார், இல்லை என்று. இடையில் பட்டறை முதலாளி போன் செய்து, இந்த மாதம் வரை பார்க்கிறேன், அதற்கு மேல் தாங்காது, வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டார். பதிலக்கா அதை வீட்டில் சொன்னாரா என்று நான் கேட்டேன். சொன்னாராம். அவரிடம் கேட்காமல் எதையும் முடிவுசெய்வதில்லை, அவரிடம் சொல்லாமல் எதையும் வைத்துக்கொள்வதும் இல்லை என்று இப்போது இருக்கிறாராம். மதிய நேரத்து இடக்கைப் பயிற்சியும் நின்றுபோனது. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. வலப்பக்கம் கிடக்கும் மவுஸை அந்த மனிதர் எந்தக் கையால் தொடுவார்? இந்த அக்கா இருந்ததையும் கெடுத்துக்கொண்டாரே என்றுகூட நினைத்தேன்.

போன வாரம் ஒரு மாலை எங்கள் தெருவில் இணையம் செத்துவிட்டது. மறுநாள் விமானத்தில் போகும் ஒரு கிழட்டு நாயின் உடல்நலச் சான்றிதழ் விமான நிறுவன அலுவலகம் மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டும். போனில் அனுப்பிப் பார்த்தோம், கோப்பு பெரிது, பாதியிலேயே நின்றது. நாயின் சொந்தக்காரர் நாயைவிட அதிகமாக மூச்சிரைத்துக்கொண்டிருந்தார். “என் வீடு ரெண்டு தெரு தள்ளித்தான், வா” என்று பதிலக்கா பென் டிரைவை எடுத்துக்கொண்டு கிளம்பினார், நானும் பின்னால் ஓடினேன்.

சின்ன வீடு. கூடத்தில் ஜன்னலோரம் மேசை. வீட்டுக்காரர் உள்ளறையில் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். ஒரு கையாலும் முழங்காலாலும் சட்டையை மடிப்பது தெரிந்தது. வாங்க என்று தலையசைத்துவிட்டுத் துணிக்குத் திரும்பிக்கொண்டார். எனக்கு நாயின் அவசரம். மேசையை நோக்கிப் போய் மவுஸைத் தேடினேன், வலப்பக்கம் இல்லை. கீபோர்டின் இடப்பக்கம் கோணலாகக் கிடந்தது. ஒயர் எட்டாமல் திரைக்குப் பின்னால் சுற்றி இழுத்து, விறைத்துப்போய் இருந்தது. நாற்காலி இடப்பக்கம் பார்த்துத் திரும்பியிருந்தது. எனக்கே புரிந்துவிட்டது, இத்தனை மாதம் பக்கத்தில் இருந்தது வீண்போகவில்லை. “அக்கா” என்று மவுஸைத் தொடப் போன என் மணிக்கட்டைப் பதிலக்கா பிடித்துக்கொண்டார்.

விட்டுவிட்டு, கைப்பையிலிருந்து போனை எடுத்தார். மேசைக்கு மேலே நேராகப் பிடித்து ஒரு படம், பக்கவாட்டில் குனிந்து ஒரு படம். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார்.

கீபோர்டில் ஒரு பொத்தானைத் தட்டியதும் திரை விழித்தது. மங்கலான வெளிச்சத்தில் ஓர் அலமாரியின் கதவு, இன்னும் கைப்பிடி வைக்காத கதவு, பாதி வரைந்தபடி நின்றிருந்தது. அவர் அதை மூடவில்லை. அதன் பக்கத்திலேயே மின்னஞ்சலைத் திறந்தார். அம்புக்குறிப் பொத்தான்களும் டேப் பொத்தானுமாகத் தட்டித் தட்டி, கோப்பைத் தேடி, இணைத்து, அனுப்பினார். மவுஸால் கண்மூடித் திறப்பதற்குள் முடிகிற வேலை. எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. போய்ச் சேர்ந்தது என்று அந்த அலுவலகத்திலிருந்து பதில் வந்தது.

“மவுஸ் வேலை செய்யுதா?” என்று உள்ளறையிலிருந்து குரல் கேட்டது.

“தெரியலைங்க. நான் தொடலை.”

உள்ளே துணியை உதறும் ஓசை கேட்டது. பதிலக்கா எழுந்தார். போனில் இருந்த படத்தை ஒருமுறை பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். முதுகுப் பக்கம் இரண்டு கையாலும் பிடித்து, அது படத்தில் இருந்தபடி வர இடப்பக்கம் இன்னும் ஒரு விரற்கடை திருப்பி வைத்தார்.